குழந்தைநல மருத்துவத்தில் மேற்பயிற்சி: எம்.டி. முதல் ஃபெலோஷிப் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்சிறப்புப் படிப்புகளுக்கான நீட் தேர்வு முடிவு வரும் வாரத்தில் என் கைபேசி ஓயாது. பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, இந்த ரேங்க்குக்கு நியோனேட்டாலஜி கிடைக்குமா? கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு ஃபெலோஷிப்பில் சேர்ந்துவிடட்டுமா?"

நியோனேட்டாலஜி என்பது பச்சிளங்குழந்தை மருத்துவம்; ஃபெலோஷிப் என்பது முதுநிலைப் படிப்புக்குப் பிறகு ஒரு கிளையில் பெறும் பயிற்சி. அந்த 'ஏதாவது ஒரு' என்ற சொல் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது. குழந்தைநல மருத்துவத்தில் இன்று பயிற்சி வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. மூன்றாண்டுப் பட்டம், இரண்டாண்டு ஃபெலோஷிப், ஓராண்டுச் சான்றிதழ், வெளிநாட்டுப் பயிற்சி என்று வழிகள் பல. ஆனால் ஒரே பெயரில் நடக்கும் இரண்டு பயிற்சிகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். சுவரில் மாட்டப்போகும் சான்றிதழின் பெயரைவிட, அந்தக் காலத்துக்குள் உங்கள் கை எத்தனை குழந்தைகளைத் தொடப்போகிறது என்பதே முக்கியம். அதைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் படிக்கும், படித்து முடித்த மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் குழந்தைநல மருத்துவர் ஆக மூன்று வாசல்கள் உள்ளன. ஒன்று, மருத்துவக் கல்லூரிகளில் மூன்றாண்டு எம்.டி. இரண்டாவது, தேசியத் தேர்வு வாரியத்தின் மூன்றாண்டு டி.என்.பி. மூன்றாவது, அதே வாரியம் நடத்தும் இரண்டாண்டு டிப்ளமோவான டி.சி.எச். நம் மாநில அரசுக் கல்லூரிகளில் முன்பு இருந்த டிப்ளமோ இடங்கள் பெரும்பாலும் எம்.டி. இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே இன்று டி.சி.எச். என்றால் பெரும்பாலும் வாரியத்தின் டிப்ளமோதான். அதை முடித்தவர்கள் தனித் தேர்வு எழுதி, மேலும் இரண்டு ஆண்டுகள் படித்து டி.என்.பி. பெறலாம்.

இவை எல்லாவற்றுக்கும் நுழைவு முதுநிலை நீட் தேர்வு. 200 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 மதிப்பெண் குறையும். புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ் நிறுவனங்கள், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு மட்டும் ஐ.என்.ஐ. செட் என்ற தனித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதிக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்தும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைக் கணக்கில் எடுக்காமல் பணியை விட்டுவிட்டுக் கோச்சிங் போவதைப் பார்த்திருக்கிறேன். அவசரப்படாதீர்கள்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை வேறு பாதை. எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்றாண்டு எம்.சி.எச்.; அல்லது எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் தேசிய வாரியத்தின் ஆறாண்டு நேரடிப் படிப்பு. அதைப் பற்றி எழுத நான் தகுதியானவள் அல்ல. இந்தக் கட்டுரை அறுவை சிகிச்சை அல்லாத பக்கத்துக்கு மட்டுமே.

இரண்டாவது படி: இது உங்களுக்கான துறையா?

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் குழந்தைகள் வார்டில் கிடைக்கும் சில வாரங்களை விடுப்பாக நினைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு, வயிற்றுப்போக்கில் வற்றிப்போன எட்டு மாதக் குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் தேடும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எரிச்சல் வந்தால் தவறில்லை, எல்லாருக்கும் வரும். ஆனால் நரம்பு கிடைத்த பிறகு அந்தக் குழந்தை கண் திறக்கும் வரை பக்கத்திலேயே நிற்கத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் நோயாளி தன் வலியைச் சொல்லமாட்டார். அவருக்காகப் பேசும் தாய், தந்தை, பாட்டி மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அதைக் கேட்கப் பொறுமை இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: எம்.டி.யின் மூன்று ஆண்டுகள்

ஃபெலோஷிப்புக்கான தயாரிப்பு எம்.டி. முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் படிப்பவருக்கு நோயாளிகளின் எண்ணிக்கையே ஆசிரியர். சிறிய கல்லூரியில் படிப்பவருக்குத் துறைத்தலைவரின் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டிலும் நல்ல மருத்துவர்கள் உருவாகியிருக்கிறார்கள்.

முதல் ஆண்டிலேயே முடிக்க வேண்டியது ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதை இணையவழியில் நடத்துகிறது. முதுநிலை மாணவர்கள் அனைவருக்கும் கட்டாயம். பலர் கடமைக்காக முடிக்கிறார்கள். கவனமாகப் படித்தால், உங்கள் தீசிஸின் மாதிரி அளவை இன்னொருவரிடம் கெஞ்சிக் கணக்கிட வேண்டிய நிலை வராது.

தீசிஸ் தலைப்பு எடுக்கும்போதே எந்தக் கிளைக்குப் போக ஆசை என்று ஓரளவு யோசியுங்கள். சிறுநீரகத்தில் ஆர்வம் என்றால் நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய்) குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, நேர்காணலில் உங்களுக்காகப் பேசும். தலைப்பு சிறியதாக, முடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் அரையாண்டுகளில் ஒன்றில் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் மாவட்ட உறைவிடத் திட்டம் வரும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகளில் இது கட்டாயம். "மூன்று மாதம் வீண்" என்று புலம்புபவர்கள் உண்டு. என் கருத்து நேர் எதிரானது. மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில், கருவிகள் குறைவாகவும் குழந்தைகள் அதிகமாகவும் இருக்கும் இடத்தில், யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் ஒரு வாரமாவது உட்காருங்கள். வளர்ச்சி தாமதமான குழந்தையைப் பாயில் உட்காரவைத்து, மணியை ஆட்டி, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சிகிச்சையாளர் பார்ப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். "பேச்சு மட்டும்தான் வரவில்லை டாக்டர், மற்றபடி நன்றாக இருக்கிறான்" என்று தாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பையன் ஒரு முறைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது உங்கள் கண்ணில் படும். அதை எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லிக்கொடுக்காது.

இன்னொன்று: லாக் புக். கல்லூரி கொடுக்கும் பதிவேடு தேர்வுக்கு. உங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருங்கள். செய்த ஒவ்வொரு செயல்முறைக்கும் தேதி, குழந்தையின் வயது, எடை, எத்தனையாவது முயற்சியில் முடிந்தது, யார் மேற்பார்வை என்று எழுதுங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு "எத்தனை முறை இன்டியூபேட் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துதல்) செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நிறைய" என்று சொல்பவருக்கும் எண்ணைச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு தேர்வாளருக்குத் தெரியும்.

நான்காவது படி: எந்தக் கிளை?

பச்சிளங்குழந்தை மருத்துவம், தீவிர சிகிச்சை, இதயம், நரம்பியல், சிறுநீரகம், இரைப்பைக் குடல், ரத்தவியல்-புற்றுநோய், நாளமில்லாச் சுரப்பி, நுரையீரல், வளர்ச்சிசார் குழந்தைநலம், மரபியல். பட்டியல் நீளம். தேர்ந்தெடுக்க நான் ஒரே அளவுகோலைத்தான் சொல்வேன்: அந்தத் துறையின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அரிய நோய்கள் அரிதாகவே வரும். புற்றுநோய்ப் பிரிவின் சாதாரண நாளில் மருந்தளவுக் கணக்கு, காய்ச்சல், ரத்தம் ஏற்றுதல், பெற்றோருடன் நீண்ட பேச்சு. நரம்பியலில் வலிப்பு மாத்திரைகளின் அளவை ஏற்றி இறக்குவது. அந்த நாளை இருபது ஆண்டுகள் விரும்பி வாழ முடியுமா?

வேலை வாய்ப்பையும் பார்க்கத்தான் வேண்டும். பச்சிளங்குழந்தை மருத்துவர் நடுத்தர ஊரிலும் வேலை பார்க்கலாம். பிரசவம் நடக்கும் இடமெல்லாம் அவர் தேவை. குழந்தை இதய மருத்துவருக்கு அறுவை சிகிச்சைக் குழு, கேத் லேப் (இதயத்துக்குள் வடிகுழாய் செலுத்தும் கூடம்), மயக்கவியல் என்று ஒரு படையே வேண்டும். ஆகவே பெரிய நகரம். வளர்ச்சிசார் குழந்தைநலத்துக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, நேரமும் சிகிச்சையாளர் குழுவும் போதும். நம் மாவட்டத் தலைநகரங்களில் இந்தத் துறைக்கு ஆள் மிகக் குறைவு. வேலூர் சி.எம்.சி.யிலும் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்திலும் பல ஆண்டுகளாக இத்துறைப் பணி நடக்கிறது. ஆர்வம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் நேரில் போய்ப் பார்த்துவாருங்கள்.

உயர்சிறப்பு எதுவும் வேண்டாம், பொதுக் குழந்தைநல மருத்துவராகவே இருப்பேன் என்று முடிவெடுப்பவரிடம் யாரும் இரக்கம் காட்டத் தேவையில்லை. காய்ச்சலோடு வரும் நூறு குழந்தைகளில் மூளைக்காய்ச்சல் உள்ள ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

ஐந்தாவது படி: எந்த வகைப் பயிற்சி?

உயர்சிறப்புப் பட்டங்கள் இரண்டு: மருத்துவக் கல்லூரிகளின் டி.எம்., தேசிய வாரியத்தின் டி.ஆர்.என்.பி. இரண்டும் மூன்றாண்டுகள். நுழைவு, உயர்சிறப்பு நீட் தேர்வு. குழந்தைநலம் படித்தவர்களுக்கு அந்தப் பாடத்திலிருந்தே கேள்விகள் வரும். ஜிப்மர், எய்ம்ஸ் வகை நிறுவனங்களுக்கு இதிலும் தனித் தேர்வு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதியை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கி 2020-இல் அரசாணை வந்தது. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும், ஒரு துறையை உருவாக்க வேண்டும் என்றால் இந்தப் பாதைதான்.

எஃப்.என்.பி. என்பது தேசிய வாரியத்தின் இரண்டாண்டு ஃபெலோஷிப். தனி நுழைவுத் தேர்வு. எந்தெந்தக் கிளைகளில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே வருகிறது. சில பழைய எஃப்.என்.பி. கிளைகள் டி.ஆர்.என்.பி.யாக உயர்த்தப்பட்டுவிட்டன. அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

அடுத்து, மருத்துவச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் ஓராண்டுப் பயிற்சிகள். 1963-இல் தொடங்கிய இந்தியக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் கிளைகள் பல துறைகளில் ஃபெலோஷிப் நடத்துகின்றன. பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கு 1980-இல் உருவான தேசிய நியோனேட்டாலஜி மன்றத்தின் ஃபெலோஷிப் உண்டு. தீவிர சிகிச்சையில், அக்கழகத்தின் கிளையும் இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் சேர்ந்து நடத்தும் டிப்ளமோ உண்டு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் சி.எம்.சி. போன்ற நிறுவனங்களும் தரும் பயிற்சிகளும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். டி.எம்., டி.ஆர்.என்.பி. பட்டங்களைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யலாம். சங்கம் தரும் சான்றிதழுக்கு அந்த இடம் கிடையாது. அதனால் அது மதிப்பற்றது என்று பொருளில்லை. நல்ல பிரிவில் செய்த ஓராண்டு, வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும். ஆனால் பேராசிரியர் பதவியோ பதிவுபெற்ற உயர்சிறப்புத் தகுதியோ அதிலிருந்து வரும் என்று எதிர்பார்த்துச் சேரக்கூடாது.

ஆறாவது படி: சேரும் முன் விசாரிப்பது

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் அடிபட்டேன்.

எம்.டி. முடித்த ஆண்டு, பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தேன். பளபளப்பான பிரிவு. நேர்காணலில் நான் கேட்டது உதவித்தொகையையும் விடுதியையும் மட்டும். முதல் ஆறு மாதங்களில் நான் எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கங்கள் கணக்கில்லை. போட்ட தொப்புள்கொடி வடிகுழாய்கள் இரண்டு. செயல்முறைகளை எல்லாம் மூத்த மருத்துவர்களே செய்தார்கள். கட்டணம் கட்டும் பெற்றோர் அப்படித்தான் விரும்பினார்கள் என்பது அவர்கள் பக்க நியாயம். நான் கற்றது, அதே ஆண்டில் விடுப்பெடுத்துக்கொண்டு ஒரு அரசு மருத்துவமனைப் பிரிவுக்குப் பார்வையாளராகப் போன பிறகு.

அங்கே ஒரு விடியற்காலை, 950 கிராம் பெண் குழந்தை. மூத்த மருத்துவர் என் பின்னால் நின்றார். தொப்புள்கொடியைக் குறுக்காக வெட்டியதும் மூன்று குழாய்கள் தெரிந்தன: தடித்த சுவரோடு வெள்ளையாகச் சுருங்கி நிற்கும் இரண்டு தமனிகள், பன்னிரண்டு மணித் திசையில் மெல்லிய உதட்டோடு வாய் திறந்திருக்கும் ஒரு சிரை. "தள்ளாதே அம்மா, அதுவே உள்ளே வாங்கிக்கொள்ளும்" என்றார். வடிகுழாய் தடையில்லாமல் நழுவி உள்ளே போனபோது என் விரல் நுனியில் ஏற்பட்ட உணர்வு இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பயிற்சி என்ற ஒன்று வேண்டும்.

ஆகவே நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவு என்றால், ஆண்டுக்கு எத்தனை சேர்க்கை, அதில் ஒரு கிலோவுக்குக் கீழ் எத்தனை? மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைக்குக் குளிர்விப்புச் சிகிச்சை அங்கேயே நடக்கிறதா? ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் தொடர வேண்டிய சிகிச்சை அது; அதை நடத்தும் பிரிவில் செவிலியர் ஒழுங்கும் கண்காணிப்பும் தன்னால் சீராக இருக்கும். விழித்திரைப் பரிசோதனைக்குக் கண் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்? குறைமாதக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடர்ந்து பார்க்கும் கிளினிக் உண்டா, அதில் ஃபெலோவுக்கு இடம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். நாம் காப்பாற்றிய குழந்தை ஒரு வயதில் நடக்கிறதா என்று பார்க்காமல் இந்தத் துறையைக் கற்க முடியாது.

மற்றக் கிளைகளுக்கும் இதே போல. இதயம் என்றால் எக்கோ கருவியை உங்கள் கையில் தருவார்களா, சிறுநீரகம் என்றால் பயாப்சியும் குழந்தைகளுக்கான டயாலிசிஸும் வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். எல்லாக் கிளைகளிலும் பொதுவாக: மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி, மறுநாள் ஓய்வு உண்டா, வாரத்துக்கு எத்தனை வகுப்பு, இறப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கிறதா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா?

பதிலைச் சரிபார்க்க ஒரே வழி, சென்ற ஆண்டு அங்கே முடித்தவரிடம் பேசுவது. தொலைபேசியில் பேசுங்கள், எழுத்தில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். "மறுபடி சேர்வீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஏழாவது படி: விண்ணப்பம்

நோக்க அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். "சிறுவயது முதலே குழந்தைகள் மீது அன்பு" என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வாளர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஒரு நோயாளி, அவரிடம் உங்களுக்குத் தெரியாமல் போன ஒன்று, அதைத் தெரிந்துகொள்ள ஏன் இந்த இடம் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் உங்களோடு ரவுண்ட்ஸ் வந்தவரிடமிருந்து இருக்கட்டும். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் பொதுப்படையான கடிதத்தைவிட அது கனமானது. பச்சிளங்குழந்தை உயிர்மீட்பு, குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எட்டாவது படி: கடல் கடந்து

பிரிட்டனுக்கு நம்மவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் வழி, அங்குள்ள குழந்தைநல ராயல் கல்லூரியின் எம்.ஆர்.சி.பி.சி.எச். மூன்று எழுத்துத் தேர்வுகள், பிறகு ஒரு மருத்துவச் செய்முறைத் தேர்வு, இந்தியாவிலிருந்தே எழுதலாம். முழுத் தேர்வையும் முடித்தால், அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற, வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு தேவையில்லை. ஆங்கிலத் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7, அல்லது ஓ.இ.டி.யில் ஒவ்வொன்றிலும் பி நிலை. போய்ப் பயின்றுவிட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கு, அதிகபட்சம் 24 மாதங்கள் கொண்ட மருத்துவப் பயிற்சித் திட்டம் ஒன்று அங்குள்ள குழந்தைநல ராயல் கல்லூரி வழியாக இருக்கிறது. ஊரில் ஒரு பிரிவைத் தொடங்கும் எண்ணமுள்ளவர்களுக்கு இது மிகப் பொருத்தம்.

கனடாவில் டொராண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனை, வெளிநாட்டில் குழந்தைநலம் முடித்தவர்களை மருத்துவ ஃபெலோக்களாக எடுக்கிறது. ஓராண்டுக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கா வேறு கணக்கு: யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வுகள், மூன்றாண்டு ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் முதுநிலைப் பயிற்சி), அதன்மேல் பெரும்பாலும் மூன்றாண்டு ஃபெலோஷிப். இங்கே முடித்த எம்.டி. அங்கே ரெசிடென்சிக்கு ஈடாகாது. அந்நாட்டுக்குப் போக ஆசை இருந்தால் எம்.டி.யில் சேரும் முன்பே முடிவெடுப்பது நல்லது. பின்னர் எடுத்தால் ஆறு ஆண்டுகள் மறுபடி தொடக்கத்திலிருந்து.

ஒன்பதாவது படி: பாண்டும் வீடும்

அரசுக் கல்லூரியில் படித்தால் கட்டாயச் சேவை ஒப்பந்தம் உண்டு. காலமும் தொகையும் அவ்வப்போது அரசாணையால் மாறுபவை. கலந்தாய்வு நாளில் இருக்கும் விதியை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பாண்டு காலத்தை மாவட்ட மருத்துவமனைப் பிரிவில் கேட்டு வாங்கினால் அதுவே ஒரு பயிற்சி.

திருமணம், பிரசவம், பெற்றோரின் உடல்நிலை எல்லாம் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. மகப்பேறு விடுப்பெடுத்தால் பயிற்சிக்காலம் நீளும், தேர்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நான் என் மகளுக்காக எட்டு மாதங்கள் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் இப்போது எம்.டி. இரண்டாம் ஆண்டில் இருந்தால்

இந்த வாரம் ஒரு நோட்டு வாங்கி, நேற்று செய்த செயல்முறையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். இந்த மாதத்துக்குள் தீசிஸ் தரவில் பாதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டப் பணிக்கு எந்த ஊர் என்று தெரிந்ததும், அங்குள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவின் பொறுப்பு மருத்துவரை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுங்கள். மனத்தில் இரண்டு கிளைகள் இருந்தால், இரண்டிலும் ஒவ்வொரு வாரம் பார்வையாளராக இருக்கத் துறைத்தலைவரிடம் விடுப்புக் கேளுங்கள். அந்த இரண்டு வாரங்களில் ஒன்று முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், அங்கே விட்டுவந்த ஒரு குழந்தைக்கு இன்று சிறுநீர் எவ்வளவு போயிற்று என்று கேட்க உங்கள் கை தொலைபேசியை எடுக்கும். எந்தப் பிரிவுக்கு அந்த அழைப்பு போகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.